பழைய அமெரிக்க ரயில் படம்: எங்கே எடுத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ரயில் படம் ஒன்று கையில் வந்ததும் கண் நேரே இன்ஜினுக்குத்தான் போகும். புகை, ஆளுயரச் சக்கரங்கள், பக்கத்தில் விறைப்பாக நிற்கும் ஊழியர்கள் என்று எல்லாக் கவர்ச்சியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இடம் தெரிய வேண்டுமானால் இன்ஜினைக் கொஞ்ச நேரம் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜின் இன்றைக்கு ஓர் ஊரில் நிற்கும், நாளைக்கு நூறு மைல் தள்ளி நிற்கும். பின்னால் தெரியும் மலைமுகடு, பாலத்தின் கல்தூண், ஸ்டேஷன் கூரை, பாதையின் வளைவு ஆகியவை அங்கேயே இருக்கும். எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்பதை இன்ஜினிடம் கேளுங்கள். எந்த இடம் என்பதை நகராத பொருட்களிடம் கேளுங்கள்.

இந்தக் கட்டுரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரயில் படங்களைப் பற்றியது. 1916 வாக்கில் அந்த நாட்டின் ரயில் பாதைகள் உச்சத்தைத் தொட்டபோது மொத்த நீளம் சுமார் 2,54,000 மைல். அதன் பிறகு பெரும் பகுதி கைவிடப்பட்டது. அதனால் இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துத் தேடினால் பல படங்களுக்கு விடையே கிடைக்காது. இன்னொரு பக்கம், அங்கே ரயில்வே என்பது ஏராளமான தனியார் கம்பெனிகள். கைகாட்டி, ஸ்டேஷன், பாலம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் அமைத்தது. தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

முதல் படி: நல்ல ஸ்கேன், பின்புறத்தோடு

அச்சுப் படமாக இருந்தால் குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் 2400 அல்லது அதற்கு மேல். ஓரத்து வெள்ளைப் பட்டையை வெட்டாதீர்கள். அட்டையில் ஒட்டிய படமானால் அட்டை முழுவதும் வரவேண்டும். பின்புறத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். படம் அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையத் தொகுப்பில் இருந்து வந்தது என்றால், அங்கே காட்டும் சிறிய படத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நுணுக்கம் குறையாத பெரிய டிஃப் (TIFF) கோப்பும் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்கும். பழைய கண்ணாடி நெகட்டிவ்களில் உள்ள நுணுக்கம் ஆச்சரியப்படுத்தும். சிறிய கோப்பில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது, பெரிய கோப்பில் ஒரு பெயர்ப்பலகையாகப் படிக்கக் கிடைக்கும்.

அப்புறம் பின்புறத்தைப் படியுங்கள். 1864 ஆகஸ்ட் முதல் 1866 ஆகஸ்ட் வரை விற்ற படங்களுக்கு அமெரிக்காவில் வரி உண்டு. அந்த வரி வில்லை படத்தின் முதுகில் ஒட்டியிருந்தால் காலம் அந்த இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அஞ்சலட்டையாக இருந்தால், முகவரிப் பக்கம் நடுக்கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்ற அனுமதி வந்தது 1907 மார்ச் 1 அன்று. நடுக்கோடு இல்லாத அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. படப்பிடிப்பாளரின் முத்திரையில் இருக்கும் ஊர் அவருடைய கடை இருந்த ஊர்தான். வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1879 முதல் டென்வரில் ஸ்டுடியோ வைத்திருந்தார், ஆனால் மேற்குப் பகுதி முழுக்கப் பயணம் செய்து ரயில் பாதைகளைப் படம் எடுத்தார். முத்திரையில் டென்வர் என்று இருப்பதால் படமும் டென்வர் ஆகிவிடாது. அஞ்சல் முத்திரையும் அப்படித்தான். அட்டையை எங்கே தபாலில் போட்டார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கலர் ஸ்லைடு அட்டையில் அச்சாகியிருக்கும் மாதமும் ஃபிலிம் கழுவிய மாதம்தான்.

இரண்டாம் படி: படம் இடம் வலம் மாறியிருக்கிறதா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. டாகெரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் பதிந்த படம்), டின்டைப் (மெல்லிய இரும்புத் தகட்டில் பதிந்த படம்) இரண்டும் இயல்பாகவே கண்ணாடிப் பிம்பமாக, இடவலம் மாறித்தான் பதியும். கண்ணாடி நெகட்டிவ்வை முன்பின் பக்கம் மாற்றி வைத்து அச்சிட்டாலும் அப்படி ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் வரைபடத்தில் தேடினால், வலப்பக்கம் வளையும் பாதையை எங்கும் காண முடியாமல் நாள் முழுக்க அலைய நேரிடும்.

படத்தில் எழுத்து இருந்தால் கேள்வியே இல்லை. எழுத்து இல்லாவிட்டால் ஆட்களின் கோட்டைப் பாருங்கள். ஆண்களின் கோட்டில் பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும். இன்ஜினிலும் சாட்சி உண்டு. அமெரிக்க நீராவி இன்ஜினில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். முன்னும் பின்னும் ஓட்டுவதற்கான நெம்புகோலில் இருந்து சக்கரப் பக்கம் போகும் நீளமான கம்பியும் வலப்பக்கத்தில்தான் போகும். அது இடப்பக்கத்தில் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: காலத்துக்கு வேலி போடுங்கள்

சரியான ஆண்டு இப்போது தேவையில்லை. "இதற்கு முன் இல்லை", "இதற்குப் பின் இல்லை" என்று இரண்டு பக்கமும் வேலி போட்டால் போதும். எந்த வரைபடத்தைத் திறப்பது என்பது அதைப் பொறுத்துத்தான்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கி நல்ல அடையாளம். பழைய முறையில் ஒரு இரும்பு வளையத்தைச் செருகி, மேலிருந்து ஆணி போடுவார்கள். அதில் விரல் இழந்த ஊழியர்கள் ஏராளம், உயிர் இழந்தவர்களும் உண்டு. 1893 ஆம் ஆண்டு பாதுகாப்புச் சட்டம் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியைக் கட்டாயமாக்கியது. அவகாசம் நீட்டிக்கப்பட்டு 1900 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரதான பாதையில் ஓடும் ரயிலில் வளையமும் ஆணியும் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது என்று நம்பலாம். மறுமுனையில், பெரிய கம்பெனிகளின் வழக்கமான நீராவி ஓட்டம் 1960 வாக்கில் முடிந்துவிட்டது.

பாலங்களும் ஆண்டைச் சொல்லும். வயோமிங் மாநிலத்தில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி கட்டிய டேல் கிரீக் பாலம் 1868 இல் மரத்தால் எழுந்தது. 1876 இல் அது இரும்பாக மாறியது. 1901 இல் பாதையையே வேறு பக்கம் மாற்றியதால் பாலம் கைவிடப்பட்டது. ஆக, அங்கே மரப்பாலம் தெரியும் படம் எட்டே ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. ஒரே இடத்துக்கு இப்படி இரண்டு மூன்று முகங்கள் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிடம் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஓர் ஊரைத் தள்ளிவிடக் கூடாது.

நான்காம் படி: எந்தக் கம்பெனி?

சரக்குப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். சரக்குப் பெட்டிகள் நாடு முழுக்கச் சுற்றுபவை, கம்பெனி மாறிக் கம்பெனி போய்க்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாப் பெட்டி ஒன்று மெய்ன் மாநிலத்து ஸ்டேஷனில் நிற்பதில் அதிசயம் எதுவும் இல்லை. இன்ஜினும், ரயிலின் கடைசியில் வரும் கார்டு வண்டியும் பெரும்பாலும் சொந்தப் பாதையிலேயே ஓடும். அவற்றில் இருக்கும் முதலெழுத்துகளுக்கு மதிப்பு அதிகம்.

இன்ஜின் எண் தெரிந்தால் அந்தக் கம்பெனியின் இன்ஜின் பட்டியலைத் தேடலாம். ரயில் ஆர்வலர் சங்கங்கள் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இப்படிப் பட்டியல் தொகுத்திருக்கின்றன. ஆனால் கம்பெனிகள் அவ்வப்போது எண்களை மாற்றின. 1869 இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் சேர்க்கும் கண்டம் கடந்த பாதை இணைந்த விழாவில் நின்ற ஜூபிடர் இன்ஜினே 1891 இல் 1195 என்று எண் மாறியது. அதனால் எண்ணோடு காலத்தையும் சேர்த்துத்தான் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

எழுத்தே தெரியாவிட்டாலும் வடிவம் பேசும். நான் மிகவும் நம்புகிற அடையாளங்கள் சில:

டிரைவர் அறை கொதிகலனின் நடுவில், குதிரைமேல் சேணம் போட்டது போல உட்கார்ந்திருந்தால், அது அகலமான அடுப்பு கொண்ட ஆந்திரசைட் (கடின வகை) நிலக்கரி இன்ஜின். பெரும்பாலும் கிழக்கு பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கத்துக் கம்பெனிகள்: ரீடிங், லீஹை வேலி, லாக்கவானா போன்றவை.

டிரைவர் அறை இன்ஜினின் முன்முனையிலும் புகைபோக்கி அதற்குப் பின்னாலும் இருக்கும் பிரம்மாண்டமான இன்ஜின் என்றால் சதர்ன் பசிபிக் கம்பெனி. கலிஃபோர்னியாப் பக்கத்துச் சியெரா மலையின் சுரங்கங்களிலும், பனி விழாமல் பாதைக்கு மேல் போட்ட பனிக்கூரைகளிலும் புகை டிரைவரை மூச்சு முட்ட வைத்ததால் வந்த ஏற்பாடு.

வட்டத் தட்டில் மஞ்சள் விளக்குகள் ஒரே கோடாக எரியும் சிக்னல் பென்சில்வேனியா ரயில்ரோடுக்கு உரியது. அதோடு நெருங்கிய நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னிலும் அதைப் பார்க்கலாம்.

இரட்டைப் பாதையில் ரயில்கள் இடப்பக்கம் ஓடினால், படம் இடவலம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சிகாகோ அண்ட் நார்த்வெஸ்டர்னை முதலில் நினையுங்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓடுவதே வழக்கம், இந்தக் கம்பெனி பெரிய விதிவிலக்கு.

இரண்டு தண்டவாளத்துக்குப் பதில் மூன்று இருந்தால் அங்கே அமெரிக்காவின் வழக்கமான அளவுப் பாதையும் மூன்றடிக் குறும்பாதையும் ஒன்றாக ஓடின என்று அர்த்தம். கொலராடோவில் ஆலமோசா, சலைடா சுற்றுவட்டாரம் இதற்குப் பேர் போனது.

பின்னணியே இல்லாமல் வெள்ளையாக, இன்ஜின் மட்டும் பக்கவாட்டில் நிற்கும் படத்துக்கு இடம் தேடி அலைய வேண்டாம். அது தொழிற்சாலைப் படம். பின்னணியை வேண்டுமென்றே அழித்திருப்பார்கள். பால்ட்வின் கட்டியது என்றால் பிலடெல்ஃபியாவில் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம், லைமா என்றால் ஒஹையோவில்.

மரம் வெட்டும் காட்டு ரயில் படங்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள் என்பது என் யோசனை. அந்தப் பாதைகளை மரம் தீர்ந்ததும் பிடுங்கி வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். பல பாதைகள் எந்த வரைபடத்திலும் ஏறியதே இல்லை.

ஐந்தாம் படி: நகராதவற்றை எழுதுங்கள்

இப்போது இன்ஜினை மறந்துவிடுங்கள். படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கி, தெரிவதை எல்லாம் தாளில் எழுதுங்கள். அர்த்தம் கண்டுபிடிக்க அவசரப்படாமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். எத்தனை பாதைகள், எந்தப் பக்கம் வளைகின்றன, ஏற்றமா சமதளமா, ஸ்டேஷன் பாதைக்கு எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஸ்டேஷனுக்கு முன்னாலா பின்னாலா, இன்னொரு கம்பெனியின் பாதை குறுக்கே போகிறதா, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகை பெரும்பாலும் கட்டிடத்தின் இரண்டு முனைகளில், ரயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும்படி இருக்கும். அதனால் நேர் எதிரில் நின்று எடுத்த படத்தில் பெயர் தெரியாமல், ஓரத்தில் ஒரு பலகையின் விளிம்பு மட்டும் தெரியும். பெயரோடு இரண்டு முனை நகரங்களுக்கு எத்தனை மைல் என்று எழுதியிருந்தால் அது பொக்கிஷம். பெயர் அழிந்து எண்கள் மட்டும் படிக்க முடிந்தாலும் போதும். அந்தக் காலக் கால அட்டவணையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மைல் கணக்கு இருக்கும். பல கம்பெனிகள் பாலங்களுக்கும் மைல் கணக்கை வைத்தே எண் கொடுத்தன. பாலத்தின் முனையில் சின்னதாக ஓர் எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தந்திக் கம்பங்களில் எத்தனை குறுக்குச் சட்டங்கள் என்று எண்ணுங்கள். ஐந்தாறு சட்டம் நிறையக் கம்பிகள் என்றால் அது பெரிய நகரங்களை இணைக்கும் பிரதான பாதை. ஒற்றைச் சட்டம் என்றால் கிளைப் பாதையாக இருக்கலாம்.

ஸ்டேஷன் கட்டிடத்தைப் பார்த்ததுமே "இது அந்த ஊர்தான்" என்று முடிவு கட்டுவது ஆபத்து. கம்பெனிகள் ஒரே கட்டிட வரைபடத்தை வைத்து ஊர் ஊராக ஒரே மாதிரி ஸ்டேஷன் கட்டின. ஜன்னல், கதவு, கூரை எல்லாம் பொருந்தும், ஆனால் ஊர் வேறு. ஸ்டேஷனைவிட அதன் பின்னால் தெரியும் தேவாலயக் கோபுரம், நீதிமன்றக் கட்டிடம், தானியக் கிடங்கு, கடைப் பெயர்கள் ஆகியவற்றை அதிகம் நம்பலாம்.

ஆறாம் படி: அந்தக் காலத்து வரைபடங்கள்

கம்பெனியும் காலமும் ஓரளவு தெரிந்துவிட்டால், தேட வேண்டிய பாதை சில நூறு மைலாகச் சுருங்கிவிடும். எழுதிய பட்டியலோடு வரைபடங்களில் இறங்குங்கள்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து வெளியிட்ட நில வரைபடங்கள் டோப்போவியூ என்ற அதன் இணைய வாயிலில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயரக் கோடுகள் இருப்பதால் பாதையின் ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் ஆறு என்பது போன்ற நிலைமைகளைப் பாதையோடு விரலை ஓட்டியே தேடலாம். இன்று காணாமல் போன பாதைகள் பலவும் பழைய பதிப்புகளில் இருக்கும்.

ஊருக்குள் எடுத்த படமானால் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களுக்கு இணையே இல்லை. காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஆயிரக்கணக்கான ஊர்களை, பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில், கட்டிடம் கட்டிடமாக வரைந்தார்கள். செங்கல் கட்டிடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டிடம் மஞ்சள், கல் கட்டிடம் நீலம். எத்தனை மாடி, என்ன கடை, பாதைகள் எப்படிப் போகின்றன, தண்ணீர்த் தொட்டி எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பெரும் பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு மாடிச் செங்கல் ஹோட்டல், பக்கத்தில் மரக் கிடங்கு என்று தெரிந்தால், அதே சேர்க்கையை சான்பார்ன் தாளில் தேடுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் மதிப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கம்பெனியின் சொத்தையும் அரசு மதிப்பிட்டபோது, பாதையை அடி அடியாக வரைந்தார்கள். அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடைப் பெயர் கிடைத்தால் பழைய செய்தித்தாள்களைத் தேடுங்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் குரோனிக்ளிங் அமெரிக்கா தொகுப்பில் சொல் கொடுத்துத் தேடலாம், கடைக்காரரின் விளம்பரமே ஊரைச் சொல்லிவிடும்.

பாதை இடம் மாறியிருக்கக் கூடும் என்பதையும் மறக்காதீர்கள். மேலே சொன்ன 1901 மாற்றத்தால் யூனியன் பசிபிக் பாதை ஷெர்மன் என்ற ஊரைவிட்டு விலகிப் போனது. ஊரே கலைந்தது. பாதையோரம் 1882 இல் எழுப்பிய ஏம்ஸ் நினைவுச் சின்னம், கல்லால் ஆன பெரிய பிரமிடு, இன்றும் அங்கே நிற்கிறது. பக்கத்தில் தண்டவாளம் கிடையாது. அந்தப் பிரமிடும் ரயிலும் சேர்ந்து தெரியும் படத்தை இன்றைய ரயில் வரைபடத்தில் தேடினால் அகப்படாது.

ஏழாம் படி: நிழல்

கண்டத்து அமெரிக்கா முழுவதும் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. அதனால் ஆண்டு முழுக்க நண்பகல் நிழல் வடக்கு நோக்கித்தான் விழும், காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் சாயும். கம்பத்தின் நிழல் தண்டவாளத்தோடு என்ன கோணத்தில் விழுகிறது என்று பாருங்கள். நிழல் குட்டையாக இருந்து, பாதைக்குக் குறுக்கே நேராக விழுந்தால் பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. இது மட்டுமே இடத்தைச் சொல்லாது, ஆனால் கையில் இருக்கும் நான்கைந்து ஊர்களில் பாதியைக் கழித்துவிடும்.

ஸ்டேஷன் கடிகாரமோ, கால அட்டவணைப்படி ரயில் வரும் நேரமோ தெரிந்தால் சூரியனின் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையக் கருவிகளில் போட்டுப் பார்க்கலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். 1883 நவம்பர் 18 அன்றுதான் அமெரிக்க ரயில்வேகள் பொது நேர மண்டலங்களுக்கு மாறின. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் ஏதோ ஒரு நகரத்து நேரத்தை வைத்து ஓட்டியது.

எட்டாம் படி: பக்கத்துப் படங்கள்

தொகுப்பில் உள்ள படம் என்றால் அதன் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கட்டாயம் பாருங்கள். படப்பிடிப்பாளர்கள் பயணத்தின் போக்கிலேயே எடுத்தார்கள். படப்பிடிப்பாளர் ஜாக் டெலானோ 1943 மார்ச்சில் சாண்டா ஃபே கம்பெனி ரயிலில் சிகாகோவில் இருந்து கலிஃபோர்னியா வரை போய் எடுத்த படங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன. அந்தத் தொகுப்பில் தலைப்பே இல்லாத நெகட்டிவ்களும் உண்டு. பக்கத்து எண்களில் உள்ள படங்களை வரிசையாகப் பார்க்கும் வசதியும் உண்டு. முந்தைய படம் ஓர் ஊர், அடுத்த படம் இன்னோர் ஊர் என்றால் நடுவில் உள்ளது அந்த இரண்டுக்கும் இடையில் இருக்க வாய்ப்பு அதிகம். பழகிக்கொள்ளவும் இந்தத் தொகுப்பு அருமையானது: தலைப்பை மறைத்துவிட்டு இடம் கண்டுபிடியுங்கள், அப்புறம் தலைப்போடு ஒப்பிடுங்கள்.

படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடும் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே தவறான தலைப்பு பல இடங்களில் நகலாகியிருப்பதை ஐந்து சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். 1869 மே 10 அன்று கண்டம் கடந்த பாதை இணைந்த இடம் யூட்டாவின் புரோமன்டரி சம்மிட். அதைப் புரோமன்டரி பாயின்ட் என்று எழுதும் தவறு இன்று வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பாயின்ட் என்பது தெற்கே, உப்பு ஏரிக்குள் நீண்டிருக்கும் முனை. 1904 இல் ஏரியின் குறுக்கே போட்ட புதுப்பாதைதான் அந்த வழியாகப் போகிறது.

ஒன்பதாம் படி: உறுதி செய்யுங்கள்

ஓர் இடம் தேறிவிட்டது என்று தோன்றும்போது, அதைப் பொய்யாக்க முயற்சி செய்யுங்கள். கூகுள் எர்த்தில் அந்த இடத்துக்குப் போய், பார்வையைத் தரை மட்டத்துக்கு இறக்கி, படம் எடுத்தவர் நின்ற திசையில் திருப்புங்கள். மலைமுகட்டின் கோடு படத்தோடு பொருந்துகிறதா? ஒரு பள்ளம், இரண்டு மேடு என்று எண்ணிப் பாருங்கள். கிழக்கு மாநிலங்களில் அன்று மொட்டையாக இருந்த குன்றுகள் பல இன்று அடர்ந்த காடு, அதனால் மரங்களைப் பார்க்காமல் வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். தண்டவாளம் போய்விட்டாலும் அது போன தடம் வானிலிருந்து மெல்லிய வளைவாகத் தெரியும்.

ஒன்றையொன்று சாராத மூன்று அடையாளங்களாவது பொருந்தினால்தான் நான் உறுதி என்று எழுதுவேன். ஸ்டேஷன் வடிவம் பொருந்துகிறது, கூரை பொருந்துகிறது என்பவை ஒரே அடையாளம். முகட்டுக் கோடு, சான்பார்ன் தாளில் உள்ள ஹோட்டல், நிழலின் திசை என்பவை மூன்று தனித்தனி அடையாளங்கள். ஓர் அடையாளம் முரண்பட்டால், அதற்குக் காரணம் தெரியும்வரை அந்த ஊரை "இருக்கலாம்" என்ற பட்டியலிலேயே வையுங்கள்.

அங்கே முட்டிக்கொண்டால் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ, அந்தக் கம்பெனிக்கான ரயில் வரலாற்றுச் சங்கத்துக்கோ எழுதுங்கள். "இது எங்கே?" என்று மட்டும் கேட்காமல், கண்டவற்றையும், தள்ளிய ஊர்களையும், தள்ளிய காரணத்தையும் சேர்த்து அனுப்பினால் பதில் நன்றாக வரும்.

கடைசியாகப் பதிவு செய்வது. பழைய தலைப்பு தவறாகவே இருந்தாலும் அழிக்காதீர்கள், பின்னால் வருகிறவருக்கு அதுவும் ஒரு தடயம். கேமரா நின்ற இடம், பார்த்த திசை, காலத்தின் இரண்டு எல்லைகள், பொருந்திய அடையாளங்கள், எந்த ஆண்டு வரைபடத்தில் பார்த்தீர்கள் என்பது, உறுதியா ஊகமா என்பது ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, படத்தை வைத்திருக்கும் உறையோடு சேருங்கள். படத்தின் முதுகில் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.